ரேடியோ அக்காவும் ஒரு கடைசி அத்தியாயமும்

அந்தப் புத்தகக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு ரேடியோ, சின்னவர்களுக்கு ரேடியோ அக்கா. காலையில் ஷட்டர் பாதி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். மீதி ஷட்டர் பேச்சோடு சேர்ந்து மேலே போகும். ஒரு தடவை தொண்டை கட்டிக்கொண்டு சத்தமே வராமல் போனபோது, பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, கடையில கரண்ட் இல்லையா?" என்று கேட்டார். அப்பேர்ப்பட்ட வாய்.

சும்மா சொல்லக்கூடாது, கடை ஓடியதே அந்த வாயால்தான். தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இடுக்கில் செருகிய மாதிரி ஒரு கடை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்துப் புத்தகமும் விரலில் தட்டும். மேல் தட்டுக்கு ஏற ஒரு மர ஏணி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி, தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி ஜன்னல். இவ்வளவுதான் கடை. பெரிய பெரிய கடைகள் வந்த பிறகும் ஜனம் இங்கேயே ஏன் வந்தது என்கிறீர்களா? உள்ளே நுழைந்தவரிடம் அவள் "என்ன புத்தகம் வேணும்?" என்று கேட்கவே மாட்டாள். முகத்தைப் பார்ப்பாள். "என்ன சார், சரியாத் தூங்கலையா?" என்பாள். "வீட்ல சண்டையா? பெரிய சண்டையா, சின்னச் சண்டையா?" என்பாள். பதில் வருவதற்குள் ஏணியில் பாதி ஏறியிருப்பாள். எடுத்துக் கொடுக்கிற புத்தகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லை என்று யாராவது திரும்பி வந்து சண்டை போட்டால், அப்படிச் சண்டை போடுகிறவர்களுக்கென்றே ஒரு புத்தகம் தனியாக வைத்திருந்தாள்.

அவள் புகழ் பரவியது சனிக்கிழமை ஆடியோவில்தான். முன்பெல்லாம் கடைச் செய்தியை முதலாளியம்மாவே டைப் செய்து வாடிக்கையாளர்களின் ஃபோனுக்கு அனுப்புவார். 'கீழ்க்கண்ட நூல்கள் வந்துள்ளன' என்று ஆரம்பிக்கும். அதை யார் படிப்பார்கள்? ஒரு சனிக்கிழமை முதலாளியம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தது. "எனக்கு எழுத்தே தெரியல, நீயே எதையாவது பேசி அனுப்பித் தொலை" என்று ஃபோனை இவள் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது.

"எல்லாருக்கும் வணக்கம்! கடையிலேருந்து பேசுறேன். போன வாரம் நீலக் குடையை விட்டுட்டுப் போனவங்க மழைக்கு முன்னாடி வந்து வாங்கிக்குங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல. தூக்கம் வராதவங்களுக்கு ஒரு பெரிய சரித்திரப் புத்தகம் வந்திருக்கு, நாலு பக்கம் தாண்ட மாட்டீங்க, கேரண்டி. சம்பந்தி வீட்டோட பேச்சுவார்த்தை இல்லாதவங்க அந்தச் சிறுகதைத் தொகுப்பை ரெண்டா வாங்குங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவங்களுக்கு. பல் புடுங்கிக்கிட்டவங்க நகைச்சுவை அலமாரிப் பக்கமே போகாதீங்க, சிரிச்சா தையல் பிரிஞ்சுடும்!"

ஜனம் அதைக் காய் நறுக்கிக்கொண்டே கேட்டது, முகம் மழித்துக்கொண்டே கேட்டது. புத்தகமே வாங்காதவர்கள்கூடக் கேட்டார்கள். சனிக்கிழமை கொஞ்சம் தாமதமானால், "என்னம்மா, இன்னும் வரல?" என்று கடைக்கே ஃபோன் வரும். ஒரே மூச்சில் பேசி அனுப்பிவிடுவது அவள் வழக்கம். திரும்பப் போட்டுக் கேட்பது, திருத்திப் பேசுவது, அதெல்லாம் கிடையாது. "ரெண்டாவது தடவை பேசினா எனக்கே என் மேல நம்பிக்கை வராது" என்பாள்.

அந்த வாய்க்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. எந்த ரகசியமும், எந்தக் கதையின் முடிவும் அதில் தங்காது. புருஷனுக்கு ரகசியமாகக் கைக்கடிகாரம் வாங்கிப் பீரோவில் ஒளித்து வைத்துவிட்டு, அன்றைக்கே அவரிடம் போய், "மணி என்னங்க? ஐயோ, நாளைக்குத்தான் உங்களுக்குத் தெரியும்ல!" என்று கேட்டவள் அவள். அவர் லிஃப்ட் மெக்கானிக்; நாளெல்லாம் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிற மனிதர், எதற்கும் பதற மாட்டார். "எனக்கு இன்னிக்கே தெரிஞ்சுடுச்சு" என்று மட்டும் சொன்னார். காலேஜ் போகிற மகளோ, அம்மா வீட்டில் இருந்தால் ஹெட்ஃபோன் இல்லாமல் எந்தப் படமும் பார்ப்பதில்லை. கடையிலும் இதே பாடுதான். அதனால் முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வாடிக்கையாளரிடம் கதை சொல்லிக்கொண்டே இவள் முக்கால்வாசி தாண்டினால், கல்லாவிலிருந்து ஒரு இருமல் வரும். "ம்ஹூம்... ம்ஹூம்!" உடனே இவள் வாயைப் பொத்திக்கொள்வாள். சனிக்கிழமை ஆடியோ பேசும்போதும் முதலாளியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இருமுவதற்கு. கூர்ந்து கேட்டவர்களுக்கு ஆடியோவில் அந்த இருமலும் கேட்கும். பாவம், அந்தம்மாவுக்கு ஆஸ்துமா என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் 'பூட்டை மாத்தாதவள்' வந்தது.

புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே, கடைக்காரர்கள் படித்துப் பார்க்கட்டும் என்று வெறும் வெள்ளை அட்டை போட்டு ஒரு பிரதி அனுப்புவார்கள். முன்பிரதி என்று பெயர். எழுதியவர் யாரோ ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநராம், முதல் நாவலாம். கடையில் யாரும் சீந்தாமல் கிடந்ததை இவள்தான் வீட்டுக்கு எடுத்துப் போனாள். ராத்திரியே முக்கால்வாசி படித்துவிட்டு, காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரித்தவள், அதற்கப்புறம் இந்த உலகத்திலேயே இல்லை. சாவி வெட்டிக் கொடுக்கிற ஒருத்தியின் கதை. அவள் தங்கை ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டுச் சாவியோடு கிளம்பிப் போய்விடுகிறாள். அக்காக்காரி ஊருக்கெல்லாம் பூட்டு மாற்றிக் கொடுக்கிறாள், தன் வீட்டுப் பூட்டை மட்டும் மாற்றவே மாட்டேன் என்கிறாள். வீட்டில் திருட்டுப் போனபோதும் மாற்றவில்லை. என்றைக்காவது தங்கை வந்து அந்தப் பழைய சாவியைப் போட்டால் கதவு திறக்க வேண்டும், அவளுக்கு அது போதும். வருஷக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் மனசு விட்டுப்போய், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறாள். மறுநாள் தங்கை வருகிறாள். சாவியைப் போடுகிறாள். கதவு திறக்கிறது. உள்ளே ஆளில்லை.

பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கருகிய வாடை அறையெல்லாம் நிரம்பியிருந்தது. இவளுக்கோ அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பின்னட்டையில் ஒரு ஃபோன் நம்பர் இருந்தது. தன் ஃபோன் சார்ஜில் கிடக்க, குளிக்கப் போன புருஷனின் ஃபோனை எடுத்து அடித்தாள்.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல்.

"பதிப்பகமா? இந்தச் சாவிக்காரி கதை எழுதின மனுஷன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்லுங்க."

"அந்தாளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அத்தனை வருஷம் அவளைக் காக்க வெச்சுட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட இருக்க விட்டா இவருக்கென்ன குடியா முழுகிப் போயிடும்? என் வீட்ல பால் கருகிப்போச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"சரிங்க, சொல்லிடுறேன். நீங்க யாருன்னு..." என்றது குரல். அதற்குள் பாத்திரத்திலிருந்து புகை கிளம்பிவிட்டது. "அடக் கடவுளே!" என்று இவள் ஃபோனை வைத்துவிட்டு ஓடினாள். பதிப்பகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பாவம், காலங்காத்தால திட்டு வாங்கினான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். அதோடு மறந்தும் போனாள்.

மாதங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை அச்சான பிரதிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டின் நாடாவை பிளேடால் அறுத்தாள், மேல் பிரதியை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள், அட்டையைத் தடவினாள். ஆனால் பிரிக்கவில்லை. படித்த புத்தகத்தைத் திரும்பப் படிக்க அவளுக்கு ஏது நேரம்? இன்னும் படிக்காதது மலை மாதிரி கிடக்கிறதே! ஜன்னலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'பூட்டை மாத்தாதவள்' மட்டும் கோபுரமாக அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதியவரே கடைக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கே தையல்காரர் ஒன்று வாங்கினார், ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒன்று வாங்கினார். கணக்கு டீச்சர் நாவல் வாங்கியதே அந்தக் கடைச் சரித்திரத்தில் முதல் தடவை.

விடிந்தால் சனிக்கிழமை. ஞாயிறு கூட்டத்துக்கு நாற்காலி போதாது என்று முதலாளியம்மா தெருக்கோடி டியூஷன் சென்டரில் இரவல் கேட்கப் போயிருந்தார். "நான் வந்ததும் ஆடியோ பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அவருக்காகக் காத்திருக்கிற உடம்பா இது? ஃபோனை எடுத்தாள், பொத்தானை அமுக்கினாள்.

குடை, புது வரவு, எல்லாம் கடகடவென்று ஓடியது. சாவிக்காரிக்கு வந்ததும் குரலே மாறியது. "இதைப் படிக்காம இருக்கவே கூடாது, சொல்லிட்டேன்! பூட்டையே மாத்தாம உக்காந்திருக்கா அந்தப் பொம்பளை, கேக்குறப்பவே உங்களுக்கு நெஞ்சை அடைக்கலையா? கடைசில தங்கச்சி வர்றா! சாவியைப் போடுறா! கதவு திறக்குது! உள்ள பார்த்தா யாருமே இல்ல! அக்காக்காரி முந்தின நாள்தான் காலி பண்ணிட்டுப் போயிருக்கா! நான் அழுத அழுகைல பாலே கருகிப்போச்சு! எழுதினவரே நாளைக்குச் சாயங்காலம் நம்ம கடைக்கு வர்றார், எல்லாரும் வந்துடுங்க!"

விரலை எடுத்தாள். போய்விட்டது.

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது. கழுத்தில் தொங்கும் டேப்போடு தையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ரேடியோ... என்ன காரியம் பண்ணிட்டே?"

"ஏன், நல்லாத்தானே பேசினேன்?"

"நல்லாப் பேசினே! கடைசிப் பக்கத்தையே போட்டு உடைச்சிட்டியே! நான் இப்பத்தான் பாதில இருக்கேன்!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்குள் பாதிப் பேர் கேட்டாகிவிட்டது. கேட்டவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியும் ஆகிவிட்டது. ஃபோன் அடித்தது. கணக்கு டீச்சர். "ஏம்மா, விடையைச் சொல்லிட்டுக் கணக்கைக் கொடுக்கிறியே, அதுல நான் போட என்ன இருக்கு?" மறுபடி அடித்தது. வேறு யாரோ. மறுபடி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

முதலாளியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கையில் பிடித்தபடியே கடைக்குள் வந்தார். வழியிலேயே யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆம்புலன்ஸ் ஓட்டுற மனுஷன். ட்யூட்டிக்கு நடுவுல வண்டியிலேயே உக்காந்து எழுதினாராம். முதல் புத்தகம். அதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுட்டே நீ."

"அம்மா, நான் வேணும்னு..."

"நீ வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? அவருக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சாரு. நேர்ல பேசிக்கலாம்னாரு. எந்தச் சிரிப்புன்னு எனக்குப் புரியல." முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு அவர் மனசு நோகாம திரும்பிப் போனாப் பார்க்கலாம். நொந்து போனார்னா, உன் ஆடியோ அதோட சரி. அடுத்த சனிக்கிழமையிலேருந்து நானே டைப் பண்ணி அனுப்பிக்கிறேன்."

"'கீழ்க்கண்ட நூல்கள்'னா?"

"ஆமா. கீழ்க்கண்ட நூல்கள்தான். நாளைக்கு நீ வாயைத் திறக்கவே கூடாது. டீ மட்டும் கொடு."

அன்றைக்கு வீட்டில் அவள் பேசவில்லை. மகள் தானாகவே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள், அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு ஆடியோதானே, விடு," என்றார் புருஷன்.

"உங்களுக்கு ஒரு ஆடியோ!" அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சின்ன வயசுலேருந்து வாயாடி, ஓட்டவாய், வாயை மூடு, இதைத் தவிர நான் வேற எதையாவது கேட்டிருக்கேனா? நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? அந்த ஒரு இடத்துலதாங்க ஜனங்க, 'ஏன் இன்னும் பேசல'ன்னு ஃபோன் பண்ணிக் கேக்குறாங்க. அது போயிட்டா நான் வெறும் வாயாடிதானே?"

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். "நாளைக்கு நானும் வர்றேன்," என்றார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் வராத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை கொள்ளாத கூட்டம். தரையில் கிடந்த புத்தகக் கட்டுகளை ஓரம் தள்ளி, இரவல் நாற்காலி எல்லாம் போட்டும் இடமில்லாமல் ஏணியில் இரண்டு பேர், வாசற்படியில் நாலு பேர், ஜெராக்ஸ் கடை வாசல்வரைக்கும் ஆட்கள். ஆடியோவைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். டீத் தட்டை எடுத்துக்கொண்டு நடுவே போனாள். சிலர் அவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, வாயைச் சுழித்தார்கள். தையல்காரர் டீயை எடுத்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். கணக்கு டீச்சர் கூரையைப் பார்த்தார். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. "என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று யாரோ கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ட்யூட்டி முடிந்து சீருடையோடு நேராக வந்தார். வாசலில் நின்றவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பதறி வழிவிட்டார்கள். ஒல்லியான மனிதர், நரைத்த தலை, உட்காருவதற்கே கூச்சப்பட்டார்.

"எனக்குப் பேசிப் பழக்கமில்ல. என் வண்டியில சைரன்தான் பேசும்," என்றார். கூட்டம் சிரித்தது. "முதல்ல ஒண்ணு கேக்கணும். புத்தகத்தை முழுசாப் படிச்சு முடிச்சவங்க யாராவது இருக்கீங்களா?"

தையல்காரரும் கணக்கு டீச்சரும் இன்னும் ஐந்தாறு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"நேத்து ஆடியோல சொன்ன முடிவுதானா அது?"

"இல்ல சார்!" தையல்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அதுதானே சார் நானும் கேக்குறேன்! இவ சொன்னதை நம்பி, அந்த வீடு காலியாத்தான் இருக்கும்னு பயந்து பயந்து படிச்சேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தா, அடேங்கப்பா! தலைகீழாப் புரட்டிட்டீங்களே!"

அவள் டீத் தட்டோடு சட்டென்று தையல்காரர் பக்கம் திரும்பினாள், டீ தளும்பியது. முதலாளியம்மா தட்டை வாங்கி வைத்தார்.

"அவங்க பொய் சொல்லல," என்றார் ஓட்டுநர். "முன்பிரதில அப்படித்தான் இருந்துச்சு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசி அத்தியாயத்தை நான்தான் மாத்தி எழுதினேன். ஏன்னா, ஒரு நாள் காலையில எனக்கு ஒரு ஃபோன் வந்தது. பதிப்பகம்னு பேரு, நடத்துறது என் சிநேகிதர் ஒருத்தர்தான். வேற ஆளே கிடையாது. அதனால பின்னட்டையில என் நம்பரையே போட்டுட்டார். எடுத்தா ஒரு அம்மா. யாரு என்னன்னு கூடச் சொல்லல. எழுதினவனுக்கு மனசே இல்லையான்னு கேட்டாங்க. பால் கருகிப்போச்சுன்னு என்னைத் திட்டினாங்க."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"வெச்சதும் திரும்பக் கூப்பிட்டேன். ஒரு ஆம்பிளைக் குரல், 'லிஃப்ட் எந்த மாடியில நிக்குது, உள்ள எத்தனை பேர்'னு கேட்டுது. ராங் நம்பர் போலன்னு வெச்சுட்டேன்."

"அட, அது நீங்களா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம். எதற்கும் பதறாத லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு நான் அன்னிக்கு மூணு பில்டிங் ஏறி இறங்கினேனே சார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அந்த அம்மா யாருன்னு ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தேன். நேத்து யாரோ இந்தக் கடை ஆடியோவை எனக்கு அனுப்பினாங்க. முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுடுச்சு. பால் கருகினதைச் சொன்னப்ப நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். என் வீட்ல யாரும் என் எழுத்தைப் படிச்சதில்ல. நான் எழுதினவளுக்காக முதல் முதல்ல அழுத குரல் அது. அதைத்தான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்கே அவங்க? ஏன் பேசவே மாட்டேங்கறாங்க?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா வேறெங்கோ பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, பேசு. கேக்குறார்ல," என்றார்.

வாய் திறந்தது. வந்தது ஒரே கேள்விதான்.

"அப்ப முடிவு என்ன?"

"அஸ்கு புஸ்கு!" என்றார் தையல்காரர். "நாங்க சொல்ல மாட்டோம்!"

"ஐயோ அண்ணே, சொல்லுங்கண்ணே!"

"எங்களுக்கெல்லாம் நீ உடைச்சேல்ல? இப்ப நீ தவி!"

அவளுக்கு முன்னால் மற்றவர்கள் ஒரு புத்தகத்தின் முடிவைத் தெரிந்துகொண்டது அவள் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. ஏணியில் இருந்தவர்களைக் கெஞ்சினாள், மகளைக் கேட்டாள். மகள்கூட முந்தின நாள் ராத்திரியே படித்துவிட்டிருந்தாள், கள்ளி! ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டாள். கணக்கு டீச்சர் எழுந்து வந்து அவளை முக்காலியில் உட்காரவைத்து, தன் பிரதியைப் பிரித்து மடியில் வைத்தார். "விடையைச் சொல்ல மாட்டேன். கணக்கைப் போடு."

"இப்பவா? இத்தனை பேர் முன்னாடியா?"

"நாங்க எங்கேயும் போகல," என்றது கூட்டம்.

அவள் படித்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவர்கள் அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று முகத்தை வைத்தே சொல்லி, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் அவள் புருவம் ஏறியது. அடுத்ததில் கை நெஞ்சுக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் பார்வை அப்படியே நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து ஓட்டுநரைப் பார்த்தாள். உதடு துடித்தது.

முதலாளியம்மா ஆபத்தை முதலில் கண்டுகொண்டார். "ம்ஹூம்!" என்று இருமினார். தையல்காரர் இருமினார். கணக்கு டீச்சர் இருமினார். மகள், புருஷன், ஏணியில் இருந்தவர்கள், ஒரு பக்கம்கூட இன்னும் புரட்டாதவர்கள், எல்லாரும் சேர்ந்து, கடையே அதிர, "ம்ஹூம்! ம்ஹூம்! ம்ஹூம்!" என்று இருமினார்கள்.

எல்லா இருமலுக்கும் மேலே அவள் குரல் கணீரென்று கேட்டது.

"ஒரு நாள் கேட்டேன் சார்... இருக்க விட்டுட்டீங்களே! அவ கதவைத் திறந்தப்ப அக்கா உள்ளேயே இருந்தாளே!"

எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! படிக்காதவர்கள் அத்தனை பேரும் "அய்யோ அக்கா!" என்று அலறினார்கள். தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, திருதிருவென்று விழித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

முதலாளியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். அவள் முகம் செத்துப்போனது.

"இனிமே சனிக்கிழமையானா நான் கடையை விட்டு எங்கேயும் போறதா இல்ல," என்றார் முதலாளியம்மா. "நீ பேசறப்ப இருமுறதுக்கு ஆள் வேணும்ல?"